கழுவினால் போகும் அசுத்தமும் கழுவினாலும் போகாத நஞ்சும்

வரதராஜன்பேட்டைக்கு அண்மையில் உள்ள ஓர் இயற்கைப் பண்ணைக்குச் சென்று கத்தரிக்காயும் முருங்கைக்கீரையும் வாங்கி வந்த செய்தியை, ஜும்ஆ முடிந்து நின்ற நண்பர்களிடம் சொல்லப்போக, அது பெரும் சர்ச்சையாகிவிட்டது. "மாட்டுச் சிறுநீரைத் தெளித்து விளைவித்த காயை ஒரு முஸ்லிம் வீட்டில் சமைக்கலாமா? அதுவும் ஓதிப் படித்த நீங்களா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். கேள்வி நேர்மையானதுதான். ஆயினும் அவர் கைப்பையில் சந்தைக் கத்தரிக்காய்கள் கண்ணாடி போல் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றின்மீது எதைத் தெளித்தார்கள் என்று அவரும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், அதுவரை நானும் கேட்டதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஷாஃபிஈ மத்ஹபில் மாட்டின் சிறுநீர் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் அது இலேசான நஜீஸ். மாலிக்கி, ஹன்பலி அறிஞர்கள் அதைத் தூய்மையானதென்றே கொள்கின்றனர். இவற்றுள் கடுமையான கருத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஷாஃபிஈ நூல்களும் எருவிட்ட நிலத்தில் முளைத்த பயிரைத் தூயதென்றே கூறுகின்றன. மேற்புறத்தில் அசுத்தம் பட்டிருந்தால் கழுவ வேண்டும், அவ்வளவே. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' எருவகைகளைப் பற்றி எவ்வளவு விரிவாகப் பேசுகிறது! நம் முன்னோர் சாணத்தைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் அல்லர்.

இனி மறுபக்கம். மோனோகுரோட்டோபாஸ் என்றொரு நஞ்சு. உழவர்கள் அதை 'மருந்து' என்கின்றனர். அச்சொல்லுக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை. அது செடிக்குள் ஊடுருவிச் சாற்றோடு கலந்து நிற்கும். எந்தத் தண்ணீர் அதைக் கழுவும்? காய்கறிகளுக்கு அதைத் தெளிக்கலாகாது என்று அரசு 2005-இல் தடைவிதித்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில், மதிய உணவில் அது கலந்ததால் 23 குழந்தைகள் மாண்டனர். 2017-இல் நம் பெரம்பலூர் மாவட்டத்துப் பருத்திக் கொல்லைகளிலேயே பூச்சிக்கொல்லி தெளித்தவர்கள் அதன் நெடியைச் சுவாசித்து உயிரிழந்தனர். முந்திரிக்காட்டு மக்களாகிய நாம் காசர்கோட்டையும் மறக்கலாகாது. அங்கே முந்திரித் தோப்புகளின்மீது 2000-ஆம் ஆண்டுவரை வானிலிருந்து எண்டோசல்பானைத் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைத் தடுக்குமுன் எத்தனை பிள்ளைகள் ஊனமாய்ப் பிறந்துவிட்டார்கள்!

நான் சென்ற பண்ணை பெரிதன்று. செம்மண் நிலம், ஓரத்தில் முந்திரி, நடுவே கத்தரியும் முருங்கையும். வேப்பங்கொட்டைக் கரைசலும் பஞ்சகவ்யமுமே அங்கே தெளிப்பவை. நிலத்துக்காரர் ஒரு கிறிஸ்தவச் சகோதரர். "பாய், எம் புள்ளைங்க வரப்புல நின்னே பறிச்சுத் தின்னுதுங்க. வேற என்ன சாட்சி வேணும்?" என்றார்.

வீட்டில் அந்தக் காய்க்கு வரவேற்பில்லை. துளையைக் கண்டதும் என் மனைவி, "பூச்சி அரிச்சதைப் போய்க் காசு கொடுத்து வாங்கினீங்களா?" என்றார். அரித்த பகுதியை அரிந்தெறிந்து, மீதியை உப்புநீரில் போட்டெடுத்து, ஆட்டெலும்பும் மாங்காயும் சேர்த்துத் தால்ச்சா வைத்தார். காய் வெண்ணெயாய்க் கரைந்தது. இரண்டாம் முறை குழம்பு கேட்டவன் கத்தரிக்காயைத் தட்டின் ஓரம் ஒதுக்கும் என் பேரன்!

தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் மேடைதோறும் பேசுகிறோம். மேலே மின்னி உள்ளே நஞ்சேறிய காய்க்கு அது பொருந்தாதா? 'ஹலால்' என்ற சொல்லோடு 'தைய்யிப்' என்ற சொல்லையும் திருமறை சேர்த்தே வைத்திருக்கிறது. ஆட்டை அறுத்தவர் யார் என்று துருவித் துருவிக் கேட்கும் நாம் இரண்டாவது சொல்லை ஓதுவதோடு விட்டுவிட்டோம்.

விலை கூடுதல் என்பார்கள். மெய்தான். அன்றாடம் கூலிக்குச் செல்லும் குடும்பத்தைக் குறைசொல்ல எனக்கு நா எழாது. 'ஆர்கானிக்' என்று அச்சிட்ட பையில் அடைத்து இருமடங்கு விலை வைக்கும் நகரத்துக் கடைகளுக்கும் நான் வக்கீல் அல்லன். வலீமா விருந்துக்குப் பந்தி பந்தியாய்ச் செலவிடுவோரிடமும், ஜமாஅத் நிர்வாகிகளிடமுமே பேசுகிறேன். நோன்புக் கஞ்சிக்குரிய தக்காளி, வெங்காயம், புதினாவை இத்தகைய நிலங்களிலிருந்து நேரே வாங்கினால், இடைத்தரகருக்குச் செல்லும் பணம் உழவருக்குப் போகும், விலையும் குறையும். எங்கள் ஜமாஅத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கவிருக்கிறேன். அந்தப் பெரியவரும் வருவார். தம் கேள்வியை அங்கேயும் அவர் கேட்கட்டும். சந்தைக் காயைப் பற்றியும் சேர்த்துக் கேட்கட்டும்.