பவளப்பாறையே இல்லாத பரங்கிப்பேட்டையில் ‘நீமோ’ பிறந்தது எப்படி?

வண்ண மீன் கடைக்குப் போனால் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பார்க்காமல் வர முடியாது. 2003-ல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் வந்ததிலிருந்து அதன் பெயரே ‘நீமோ’ என்று ஆகிவிட்டது. ஜோடி என்ன விலை, என்ன சாப்பிடும், எத்தனை வருஷம் இருக்கும் என்றெல்லாம் கேட்போம். எங்கே பிறந்தது என்று மட்டும் பெரும்பாலும் கேட்க மாட்டோம்.

கப்பி, கோல்டு ஃபிஷ் வாங்கும்போது அந்தக் கேள்விக்கு அவசியமில்லை. நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவைதான். கடல் வண்ண மீன்களின் கதை நேர் எதிர். அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஏதோ ஒரு பவளப்பாறையிலிருந்து பிடித்து வரப்பட்டவை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகம் முழுக்க ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் வண்ண மீன்கள் விற்பனையாகின்றன. மொத்தம் 1,471 இனங்கள். இந்த வியாபாரத்தில் கிட்டத்தட்ட பாதி, கோமாளி மீன் அடங்கிய டாம்சல் குடும்பத்து மீன்கள்.

சின்ன மீன்தானே, பிடித்தால் என்ன?

கோமாளி மீன் கடல் சாமந்தியின் நடுவில் குடியிருக்கும். கடல் சாமந்தி என்பது பூ அல்ல, கொட்டும் கைகள் கொண்ட உயிரினம். மற்ற மீன்கள் தொட்டால் கதை முடிந்தது. கோமாளி மீனின் உடம்பில் உள்ள வழவழப்பு அதைக் காப்பாற்றுகிறது. ஒரு சாமந்திக்கு ஒரு குடும்பம். இருப்பதிலேயே பெரியது பெண், அடுத்தது ஆண், மீதி எல்லாம் இன்னும் பருவத்துக்கு வராதவை. பெண் போய்விட்டால் ஆண் மீன் பெண்ணாக மாறும், பிறகு அடுத்த மீன் ஆணாக முதிரும். அதுவரை அந்த வீட்டில் முட்டை கிடையாது. அதாவது, பார்வைக்குப் பெரியதாக இருக்கிறதே என்று ஒரு மீனை அள்ளினால், கூடவே அந்தச் சாமந்தியின் இனப்பெருக்கத்தையும் நிறுத்தி வைக்கிறோம்.

பிடிக்கும் முறை இன்னொரு தலைவலி. பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கிய பழக்கம் இது: பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கி வெளியே வரும் மீனை அள்ளுவது. மீன் கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும். சுற்றியிருக்கும் பவள உயிரிகளுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

இதற்கெல்லாம் மேல் இப்போது வெப்பம். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. நம்முடைய மன்னார் வளைகுடா ஏற்கெனவே 1998, 2010, 2016-ல் அடி வாங்கிய இடம். நீர் சூடானால் கடல் சாமந்தியும் வெளிறும். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது: வெளிறிய சாமந்தியில் வாழ்ந்த கோமாளி மீன்களின் முட்டை உற்பத்தி 73% சரிந்திருந்தது. 2025-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் விசித்திரம். பப்புவா நியூ கினியில் 2023 வெப்ப அலையின்போது 134 கோமாளி மீன்களை அளந்து பார்த்ததில், முக்கால்வாசி மீன்கள் நீளத்திலேயே சுருங்கியிருந்தன. மெலியவில்லை, குட்டையாகிவிட்டன! ஆக, கடலிலிருந்து அள்ளுவதற்கு இனி அவ்வளவு மிச்சம் இருக்காது.

சிதம்பரம் பக்கம் என்ன நடந்தது?

கடலூர் மாவட்டக் கடற்கரைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பவளப்பாறை இல்லை. கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கலங்கல் கடல் இது. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். பாறை இல்லாத ஊரில் பாறை மீனுக்கு என்ன வேலை?

பதில் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யா முன்னின்று உருவாக்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அது. அங்குள்ள ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் ‘செபே’ என்ற கோமாளி மீன் இனத்தைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள். 2010-ல் அந்த ஆய்வு வெளியானது. இதற்கு முன்பே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன் இனப்பெருக்கத்தைச் செய்து காட்டியிருந்தது. பரங்கிப்பேட்டையின் புதுமை தண்ணீரில் இருந்தது. தெளிந்த கடல்நீருக்குப் பதில், வெள்ளாற்று முகத்துவாரத்தின் உப்பு குறைந்த நீரிலேயே வேலையை முடித்தார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? ராமேஸ்வரம் பக்கம் போகாமலேயே, உப்பங்கழி இருக்கிற எந்த ஊரிலும் இதைச் செய்யலாம் என்று அர்த்தம். செய்முறையும் ராக்கெட் அறிவியல் இல்லை, பொறுமை அறிவியல். ஜோடி சேர்ந்த மீன் ஓடு அல்லது பானைத் துண்டில் முட்டையிடும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் காக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சு பொரியும். முதல் சில நாட்களுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் உணவு. அந்த ரோட்டிஃபருக்குப் பாசி வளர்த்துப் போட வேண்டும். பிறகு ஆர்ட்டீமியா. இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும். இந்தப் பகுதி இறால் தொழில் ஆட்களிடம் ஆர்ட்டீமியா என்று சொன்னால் அகராதி தேவைப்படாது. அதனால்தான் இந்தத் தொழில் இங்கே வேர் பிடிக்க வாய்ப்பு உண்டு என்று தோன்றுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பவளம், கடல் குதிரை இரண்டும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986-லிருந்து தேசியப் பூங்கா. வண்ண மீன்கள் விஷயத்தில் 2017 மே மாதம் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. கோமாளி மீன் உட்பட 158 இனங்களுக்குத் தடை. கொளத்தூர் வியாபாரிகள் கொந்தளித்தார்கள், சில மாதங்களிலேயே விதிகள் திரும்பப் பெறப்பட்டன.

இரண்டு பக்கமும் குறி தவறியது என்பேன். இனத்தின் பெயரை வைத்துத் தடை போட்டால், பரங்கிப்பேட்டையில் பிறந்த மீனும் பாறையில் திருடிய மீனும் ஒன்றாகிவிடும். விதியை அப்படியே தூக்கிவிட்டாலும் அதே நிலைதான். கடையில் இரண்டும் ஒரே தொட்டியில் நீந்தும். இனத்துக்குப் பதிலாகப் பிறப்பிடத்தைப் பதிவு செய்யும் சான்று வந்திருந்தால் பொரிப்பகம் நடத்துபவருக்கு ஒரு சந்தை கிடைத்திருக்கும்.

வாங்குபவருக்கும் அதில் லாபம் உண்டு. பொரிப்பகத்து மீன் பிறந்ததிலிருந்தே தொட்டிக்குப் பழகியது, உலர் தீவனத்தைத் தயங்காமல் கொத்தும். சாமந்தி இல்லாமலும் வாழும்.

ஆனால் எல்லா மீனுக்கும் இது பொருந்தாது. முட்டையைப் பரப்பில் ஒட்டிவைத்துக் காவல் காக்கும் இனங்களைத்தான் இப்படிச் சுலபமாகப் பெருக்க முடிகிறது. பட்டாம்பூச்சி மீன்கள் முட்டையை நீரில் மிதக்க விட்டுவிடும். பொடிக் குஞ்சுகளைப் பல வாரங்கள் காப்பாற்றுவது இன்றும் பெரும்பாடு. அவற்றில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தைத் தவிர வேறு எதையும் தின்னாது. பவளம் வைத்திருப்பதே குற்றமாக இருக்கும் நாட்டில், அந்த மீனை வாங்கித் தொட்டியில் விட்டால் அது பட்டினி கிடந்துதான் சாகும்.