வலிய கையை ஒளிக்கலாமா?

மிகையான தந்திரமே நட்டத்தைத் தரும் சீட்டாட்டம் ஒன்று உண்டென்றால், அது பந்தயத் தொகைக்கு எல்லை வகுக்கப்பட்ட 'லிமிட்' போக்கர்தான். நல்ல கை கிடைத்தவுடன் அதை ஒளித்துவைத்து எதிராளியைப் பொறியில் வீழ்த்தவேண்டும் என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் வேரூன்றியுள்ளது. 304 விளையாடி வளர்ந்தவர்கள் நாம். துரும்பைக் கவிழ்த்துவைத்துத் தக்க தருணம்வரை காத்திருப்பது அந்த ஆட்டத்தின் இயல்பு. அதே பழக்கத்துடன் லிமிட் மேசையில் அமர்பவர்கள், தமக்கு வரவேண்டிய பணத்தைத் தாமே வேண்டாமென்று விடுகின்றனர்.

10/20 டொலர் மேசையை எடுத்துக்கொள்வோம். முதலிரு சுற்றுகளில் பந்தயம் 10 டொலர், பின்னிரு சுற்றுகளில் 20 டொலர். கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரு பந்தயமும் மூன்று உயர்த்தல்களும் மட்டுமே அனுமதிக்கப்படும். எல்லையற்ற ஆட்டத்திலோ கையிருப்பு முழுவதையும் ஒரே தடவையில் வைக்கலாம். பதுங்குவது பாய்வதற்கே என்பார்கள். பாய்ச்சலின் தூரத்தை விதியே அளந்துவைத்திருக்கும்போது பதுங்கிப் பயன் என்ன? தவறவிட்ட பந்தயத்தை அடுத்த சுற்றில் மீட்க வழியில்லை.

உங்கள் கையில் இரண்டு 8. ஆட்டத்தில் நால்வர், முதற் சுற்றில் 80 டொலர் சேர்ந்துவிட்டது. பொதுச்சீட்டுகளாக ஒரு கிங், ஒரு 8, ஒரு 5 விழுகின்றன. அவற்றில் இரண்டு ஒரே இனம். மற்ற மூவரும் பந்தயம் வைக்காமல் கடத்த, முறை உங்களிடம் வருகிறது. நீங்களும் கடத்தினால் அடுத்த சீட்டை எல்லோரும் இலவசமாகப் பார்ப்பார்கள். ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்துள்ளவருக்கு, அவர் காணாத 47 சீட்டுகளில் 9 உதவும். ஏறத்தாழ 19 சதவீத வாய்ப்பு. நீங்கள் 10 டொலர் வைத்தாலும் அவர் விலகமாட்டார். 90 டொலரை வெல்ல 10 டொலர் கொடுப்பது அவருக்குச் சரியான கணக்கே. கிங் சோடி வைத்திருப்பவரும் ஏற்பார். ஆனால் அவ்வாறு உள்ளே வரும் ஒவ்வொரு பத்து டொலரிலும் பெரும்பங்கு உங்களுக்குரியது. வெல்லும் வாய்ப்பு உங்களிடமே அதிகம்.

கடைசிச் சுற்றில்தான் அச்சம் கூடுதலாகத் தலைகாட்டுகிறது. எதிராளி கடத்துகிறார், கை ஓரளவு நல்லது, இருந்தும் பலர் பந்தயம் வைக்காமல் சீட்டைத் திறந்துவிடுகின்றனர். உங்கள் பந்தயம் ஏற்கப்படும் பத்துத் தடவைகளில் ஆறில் வென்று நான்கில் தோற்றாலும் 40 டொலர் மிஞ்சும். தேர்ந்த ஆட்டக்காரருக்கு மணிக்கு ஒரு பெரிய பந்தயம் நல்ல வருவாய் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அப்படியானால், அஞ்சி வைக்காமல் விட்ட ஒரேயொரு பந்தயம் ஒரு மணி நேர உழைப்புக்குச் சமம்.

விதிவிலக்குகள் உண்டு. பின்னாலிருப்பவர் நிச்சயம் பந்தயம் வைப்பார் என்றால், கடத்திவிட்டுப் பின்னர் உயர்த்தலாம். எதிராளி ஒருவர் மட்டுமே எஞ்சியிருந்தால், 10 டொலர்ச் சுற்றில் ஏற்றுக்கொண்டு 20 டொலர்ச் சுற்றில் உயர்த்தலாம். இவற்றின் நோக்கமும் கூடுதல் பணத்தை உள்ளே கொண்டுவருவதே.

2015ஆம் ஆண்டில் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட செஃபியஸ் என்ற கணினி நிரலைச் சிலர் எடுத்துக்காட்டக்கூடும். இருவர் ஆடும் லிமிட் ஆட்டத்துக்குத் தீர்வு கண்ட அந்த நிரல், சீட்டுப் பகிர்பவரின் இடத்திலிருக்கையில், கையில் இரண்டு ஏஸ் இருந்தாலும் முதற் சுற்றின் இறுதி உயர்த்தலைப் பெரும்பாலும் தவிர்க்கிறது. உண்மைதான். ஆனால் அது பிழையே செய்யாத எதிராளிக்கு எதிராக வகுக்கப்பட்ட ஆட்டம். நாம் அமரும் மேசையில் இருப்போர், விலகவேண்டிய கையோடும் கடைசிவரை வருபவர்கள். அவர்களிடம் வலிமையை மறைப்பது வீண்வேலை.

வைத்த பந்தயத்துக்கெல்லாம் வெற்றி கிடைக்காது. துரத்தி வந்தவர் கடைசிச் சீட்டில் வென்றுவிடுவதுண்டு. அந்தக் கசப்பில் அடுத்த நல்ல கையைப் பொத்திவைப்பவர், தோற்கும்போது முழுமையாகத் தோற்று, வெல்லும்போது பாதியை மட்டும் பெறுகிறார். இந்த ஆட்டத்தில் பலரின் கையிருப்பு கரைவது இவ்வாறுதான் என்பது எனது கணிப்பு.