மூணாவது ரவுட்டர் வாங்குறதுக்கு முன்னாடி

கடையில் நெட் விட்டு விட்டு வருகிறது என்றால் நம்ம பக்கம் ஒரே மருந்துதான்: "ரவுட்டர் போயிடுச்சுண்ணே, புதுசு மாத்துங்க." மாத்துவார்கள். ரெண்டு நாள் ஓடும். மறுபடி அதே கதை. பல இடங்களில் எந்த ரவுட்டரும் கெட்டுப்போயிருக்காது. நல்லா இருக்கிற ரெண்டு ரவுட்டர் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கிற திறமை நெட்வொர்க்ஸ் பேப்பர் பாஸ் பண்ணின நம்மகிட்ட இருக்கணும். இல்லை என்பதுதான் என் வருத்தம்.

வீரசோழன் மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி, சுத்துப்பட்டுக் கிராமங்கள் வந்து கூடும் சந்தை ஊர். அங்கே ஒரு மளிகைக் கடை. பில் போட ஒரு கம்ப்யூட்டர், பில் பிரிண்டர், சிசிடிவி, கல்லாவில் யுபிஐ போன். கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போன ஃபைபர் மோடம் ஒன்று. குடோன் வரைக்கும் வைஃபை வேணும் என்று கடைக்காரர் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று. மோடத்துக்குள்ளேயே ஒரு ரவுட்டர் இருக்கிறது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது நெட்வொர்க்கில் முகவரி கொடுக்கிற ஆள் ரெண்டு பேர். டிஹெச்சிபி விதிமுறை 1997-ல் ஆர்எஃப்சி 2131 ஆக வந்தது. ஒரு கருவி "எனக்கு ஐபி கொடுங்க" என்று பொதுவாகக் கேட்கும். பெரும்பாலும் முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். மோடம் முந்தினால் நெட் வரும். ரவுட்டர் முந்தினால் அது தன்னையே கேட்வேயாகச் சொல்லும். ஆனால் லேன் போர்ட்டில் மட்டும் ஒயர் குத்தியிருந்தால் வெளியே போக அதற்கு வழியே கிடையாது. ரெண்டுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம்: அனுப்புகிற தகவல் எந்தப் பெட்டிக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கரண்ட் போய் வந்ததும் ஏன் தொல்லை கூடுகிறது? எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் புதுசாக ஐபி கேட்கும். அதோடு பல சின்ன ரவுட்டர்கள், யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். யுபிஎஸ்-ல் அணையாமல் இருந்த கம்ப்யூட்டரின் முகவரி வேறொரு போனுக்குப் போய்விடலாம். சந்தை நாள் கூட்டத்தில் பில் நிற்பது இப்படித்தான். அருப்புக்கோட்டையிலிருந்து ஆள் வருவதற்குள் அன்றைய வியாபாரம் முடிந்துவிடும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. முதலில் கடை ரவுட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேராக மோடத்தில் போடுங்கள். நெட் நிற்காமல் வந்தால் லைனில் கோளாறு இல்லை. ரவுட்டரைத் திரும்ப மாட்டி, நெட் வருகிற கருவியிலும் வராத கருவியிலும் 'ஐபிகான்ஃபிக் ஆல்' அடித்து, டிஹெச்சிபி சர்வர், கேட்வே ரெண்டையும் ஒப்பிடுங்கள். ரெண்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஏஆர்பி பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள மேக் முகவரியைப் பாருங்கள். அது மாறினால் ஆள் ரெண்டு.

பிறகு கடை ரவுட்டரில் டிஹெச்சிபியை அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி (மோடம் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதபடி பார்த்துக்கொண்டு), லேன் போர்ட்டிலேயே ஒயரை விடுங்கள். இனி அது வெறும் வைஃபை பெட்டி. வேன் போர்ட்டில் மாட்டி வேறு எண் வரிசை கொடுத்தாலும் நெட் வரும். ஆனால் ரவுட்டருக்குப் பின்னால் உள்ள பிரிண்டர், மோடத்தில் மாட்டிய கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாது. கடைக்கு முதல் வழிதான் நல்லது. கடைசியாக, பில் பிரிண்டருக்கு ஒரு நிலையான முகவரியை ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிற ஆளுக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

"இது ஐடிஐ பசங்க வேலை, இன்ஜினியருக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் நெட்வொர்க்ஸ் லேபில் நெட்ஸ்டாட், ட்ரேஸ்ரூட் எல்லாம் இருக்கின்றன. ரெக்கார்டில் அவுட்புட் ஒட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். எதுவும் பழுதாகாத நெட்வொர்க்கில் அந்தக் கட்டளைகளை அடித்து என்ன கற்றுக்கொள்ள முடியும்? நோயாளியே இல்லாத வார்டில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரிதான் அது.

துறைக்கு என் கோரிக்கை ஒன்றுதான். ஸ்டோர் ரூமில் கிடக்கிற பழைய ரவுட்டர் ரெண்டை எடுத்து, ஒரே முகவரி கொடுத்து, ஒரு சுவிட்சில் மாட்டி, "சரி பண்ணுங்க" என்று ஒரு லேப் வகுப்பு விடுங்கள். செலவு கிடையாது. மாணவர்களுக்கும் ஒன்று: இந்த செமஸ்டர் லீவில் உங்க ஊர்க் கடை ஒன்றில் மேலே சொன்ன தாளை எழுதி ஒட்டிவிட்டு வாங்க. புது ரவுட்டருக்குப் போகிற காசாவது அந்த அண்ணாச்சிக்கு மிஞ்சும்.