ஈயடிச்சான் கிடார்!

காப்பியில் இரண்டு தினுசு. 'பேஷ்!' போட வைக்கும் டிகிரி காப்பி ஒன்று. ஈயடிச்சான் காப்பி இன்னொன்று. எலெக்ட்ரிக் கிடார் உலகத்தில் இரண்டுமே உண்டு ஸார்.

1970-களில் ஜப்பான்காரர்கள் அமெரிக்க கிடார்களை அச்சு அசலாகச் செய்து மலிவாக விற்றார்கள். கிப்ஸனின் தாய்க் கம்பெனி 1977-ல் ஐபனெஸின் அமெரிக்கக் கம்பெனி மீது கேஸ் போட்டது. எதற்கு? 'எங்க கிடாரோட தலையைக் காப்பியடிச்சுட்டாங்க!' கடைசியில் கோர்ட்டுக்கு வெளியே சமாதானம். ஃபெண்டர்காரர்கள் கெட்டி. 'சண்டை எதுக்கு, சம்பந்தமே பண்ணிக்கலாம்' என்று 1982-ல் ஜப்பானிலேயே 'ஸ்குவையர்' என்ற மலிவுப் பதிப்பை ஆரம்பித்துவிட்டார்கள்.

அதே ஃபெண்டர் தன் கிடார், பேஸ் கிடார்களின் உடம்பு வடிவத்தை டிரேட்மார்க் ஆக்கக் கேட்டபோது, 'ஊரே இந்த வடிவத்தில் செய்கிறதே!' என்று 2009-ல் அமெரிக்க டிரேட்மார்க் போர்டு கையை விரித்துவிட்டது. ஆக, உடம்பு ஒரே மாதிரி இருப்பது வேறு. தலையில் அடுத்தவன் பெயரை எழுதி விற்பது வேறு. பின்னது சுத்த ஃபிராடு.

பி.காம். படித்த பாவம், எதைப் பார்த்தாலும் 'செலவை எங்கே மிச்சம் பிடிச்சான்?' என்றுதான் என் புத்தி போகும். இப்போது மரம் அறுப்பது கம்ப்யூட்டர் மெஷின். ஃப்ரெட் பதிக்கும் இடம் இம்மி பிசகாது. மிச்சம் பிடிப்பது கைவேலையில்! ஃப்ரெட் முனையை ராவ மாட்டார்கள்; பூனை மாதிரி பிறாண்டும். தலைக்குக் கீழே தந்தியைத் தாங்கும் 'நட்'டில் பள்ளம் போதாது; தந்தி தூக்கிக்கொண்டு நிற்கும். தடித்தந்தி பேஸ் கிடாரில் அமுக்கி மாளாது.

விரல் வீங்கிய பையன், "எனக்கு மியூஸிக் வராதும்மா" என்று கிடாரைப் பரணில் போடுகிறான். குற்றவாளி நட், தண்டனை பையனுக்கு!

ஆகவே மலிவில் வாங்குங்கள், தப்பேயில்லை. கழுத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். 12-வது ஃப்ரெட்டுக்கு நேராகத் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினாலும், அழுத்தி மீட்டினாலும் ஒரே ஸ்வரம் வரவேண்டும். வராவிட்டால் பிரிட்ஜைச் சரிசெய்யவேண்டும். இதற்கும், ஃப்ரெட் ராவ, நட் சீவவும் ரிப்பேர்காரருக்கு ஒரு தொகையை பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ஒரே ஒரு ஆபத்து... அதற்கப்புறமும் அபஸ்வரம் வந்தால், பழியை கிடார் மேல் போடமுடியாது!