காடு பயோகாரருக்கு மட்டும் எழுதிக் குடுத்ததா?

வனவியல் எண்டால் அது ஏ.எல்லில் பயோ செய்தவையின்ர பாடம் எண்ட எண்ணம் எங்கட கலைப்பீடங்களுக்குள்ள ஆழமாக இருக்கு. ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் வனவியலுக்கும் சூழல் விஞ்ஞானத்துக்கும் ஒரு துறையே இருக்கிறது. அது பிரயோக விஞ்ஞான பீடத்துக்குள் இருப்பதால் எங்களில் பலர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்குக் காடு எண்டால் சங்க இலக்கியத்தின் முல்லைத் திணை. அதோட முடிஞ்சுது.

நாங்கள் இதை மறுக்கிறோம். காட்டுக் கொள்கையை ஒரு ஆய்வுத் தொழிலாக, வாழ்நாள் வேலையாக எடுக்க வேண்டியவர்களில் வடக்கு, கிழக்கின் கலைப்பீட மாணவர் முன்வரிசையில் நிற்க வேணும்.

ஏன் எண்டு கேட்டால், முசலியைப் பாருங்கோ. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரின் தெற்கில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்கள் ஆளில்லாமல் கிடந்தன. யுத்தம் முடிய 2009 ஆகிவிட்டது. இடையில் 19 வருசம். உலர்வலயத்தில் அத்தனை காலம் உழாமல் விட்ட வயல் என்னவாகும்? முதலில் புல்லு, பிறகு முட்பற்றை, பிறகு ஆளை மறைக்கிற மரம். வானத்திலிருந்து படம் எடுக்கிற செய்மதிக்கு எல்லாம் ஒரே பச்சைதான்.

2012 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி அந்தப் பகுதியில் ஒதுக்குக் காடுகளைப் பிரகடனப்படுத்தியது. திரும்பி வந்த சனம் 'எங்கட ஊர் அதுக்குள்ள போட்டுது' எண்டது. சூழலியலாளர்கள் 'வில்பத்து அழியுது' எண்டார்கள். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அங்கே காடு சட்டவிரோதமாக அழிக்கப்பட்டது எண்டு சொல்லி, முன்னாள் அமைச்சர் ஒருவரின் செலவில் மரம் நடச் சொன்னது.

இரண்டு பக்கமும் கத்தினவை ஏராளம். காணி காணியாகப் போய், எது பழங்காடு, எது 1990க்குப் பிறகு மரம் மூடின ஊர் எண்டு பிரித்து, எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரு தமிழ் ஆய்வேடாக எழுதினவை எத்தனை பேர்? தாவரவியலாளர் மரத்தின் வயதைச் சொல்லலாம். பற்றைக்குள் கிடக்கிற கிணற்றுக்கட்டு, பள்ளிவாசல் அத்திவாரம், தூர்ந்த வாய்க்கால், காணி உறுதி, பழைய வாக்காளர் இடாப்பு இதுகளை வாசிக்கிறது வரலாறும் புவியியலும் சமூகவியலும் படிச்ச ஆளின்ர வேலை. அப்படி ஒரு வரைபடம் இருந்தால் ஊரையும் காப்பாற்றலாம், காட்டையும் காப்பாற்றலாம். (மீள்குடியேற்றம் எண்ட பெயரில் உண்மையான காட்டையும் வெட்டுவினம். முதிரைக் குத்தி இரவில் லொறி ஏறுறது வன்னியில் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.)

சட்டப் பக்கமும் அப்படித்தான். உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை எண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதை நாங்கள் பெருந்தோட்ட வரலாற்றுக்கு நோட்ஸ் எடுத்துப் பாடமாக்கிறம், சோதனையோட மறக்கிறம். 1907இல் வந்த காட்டுக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இண்டைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒதுக்கப்படாத ஏனைய அரச காடுகளை 5/2001 சுற்றறிக்கை வனவளத் திணைக்களத்திடம் குடுத்தது. 2020இல் அதை இரத்துச் செய்து, அந்தப் பொறுப்பைப் பிரதேச செயலாளர்கள் பக்கம் திருப்பினார்கள். ஒரு விதானையாருக்கும் ஒரு வன உத்தியோகத்தருக்கும் இடையில் சேனைக்காரன் ஏன் அலைகிறான் எண்டு விளங்க இந்த முழுச் சங்கிலியும் தெரிய வேணும்.

கலைப் பக்கத்திலிருந்து போய் இதில் ஆர் சாதிச்சது எண்டு கேட்பீர்கள். அமெரிக்காவின் எலினோர் ஒஸ்ட்ரொம். பள்ளிக்கூடத்தில் திரிகோண கணிதம் படிக்கவில்லை எண்டதால் பொருளியலில் கலாநிதிப் பட்டம் செய்ய அவருக்கு வழி கிடைக்கவில்லை. அரசறிவியலுக்குப் போய் 1965இல் பட்டம் எடுத்தார். தெற்குக் கலிபோர்னியாவில் ஒரே நிலத்தடி நீரைப் பாவிக்கிறவர்கள் அதை எப்படி நிர்வகித்தார்கள் எண்டதுதான் ஆய்வு. 1990இல் வந்த அவரின் முக்கியமான நூலில் இலங்கையின் மாவெல்ல மீனவரும் கிரிந்தி ஓயா நீர்ப்பாசனமும் வருகின்றன, துக்கமாக, தோல்வி உதாரணங்களாக. 1992 முதல் பல நாட்டுக் காடுகளை ஒரே முறையில் ஆராயும் வலையமைப்பை நடத்தினார். அதில் மரத்தின் சுற்றளவையும் அளப்பார்கள், ஊர்ச் சனத்தின் விதிகளையும் எழுதுவார்கள். காடு ஆரின்ர பெயரில் இருக்கு எண்டதை விட, அதைப் பாவிக்கிறவையே காவல் பார்க்கினமா எண்டதுதான் முக்கியம் எண்டு அந்த ஆய்வுகள் காட்டின. 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. பொருளியலில்! அந்தப் பரிசை எடுத்த முதல் பெண்ணும் அவர்தான்.

வேலை கிடைக்குமோ? பட்டதாரிகள் கச்சேரி வாசலில் குந்தியிருக்கிற நாட்டில் நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். கிளாஸ் எடுக்க வேணும், தற்காலிக உதவி விரிவுரையாளராக ஒரு வருசம் இழுபட வேணும், ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேணும். அதெல்லாம் பிறகு. இறுதி வருச ஆய்வேட்டுத் தலைப்பு மட்டும் இப்பவே எங்கட கையில் இருக்கு. 1990இல் முப்பது வயதில் வயல் செய்தவருக்கு இப்ப அறுபது தாண்டிட்டுது. தன்ர வரம்பு எந்தப் பாலை மரத்தடியில் முடிஞ்சது எண்டு அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்.