பன்னிரண்டு காசும் மூன்று நிறுவையும்



சென்ற இதழில் இப்பகுதியில் ஒரு கணக்கு விடுத்திருந்தேன். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் பன்னிரண்டு காசுகள் உள்ளன. அவற்றுள் ஒன்று போலியாக இருக்கலாம். எல்லாமே நல்லனவாகவும் இருக்கலாம். போலி உண்டெனில் அது எடை மிகுந்ததா, குறைந்ததா என்பதும் தெரியாது. எடைக்கல் இல்லாத தராசில் மூன்றே முறை நிறுத்து உண்மையைக் காணவேண்டும்.

பலரும் முதலில் ஆறுக்கு ஆறாக நிறுத்திருப்பீர்கள். தராசு சாய்ந்தால் பன்னிரண்டு காசுகளும் ஐயத்திலேயே நிற்கும். ஒன்றும் விடுபடாது. தராசு ஒவ்வொரு முறையும் மூன்று விடைகளுள் ஒன்றைத் தரும்: இடத்தட்டு தாழும், வலத்தட்டு தாழும், அல்லது இரண்டும் சமமாக நிற்கும். மூன்று முறைக்கு 27 விடைகள். நாம் ஆராயவேண்டியவையோ பன்னிரண்டு காசுக்கும் மிகுதி, குறைவு என 24. போலியே இல்லை என்பதையும் சேர்த்தால் 25. ஆதலின் முயல இடம் உண்டு.

காசுகளுக்கு 1 முதல் 12 வரை எண் இடுக. முதலில் 1, 2, 3, 4 இடத்தட்டில். 5, 6, 7, 8 வலத்தட்டில்.

சமமாக நின்றால் அவ்வெட்டும் நல்லவை. அடுத்து 9, 10, 11 ஆகியவற்றை 1, 2, 3 உடன் நிறுக்க. சாய்ந்தால் போலி அம்மூன்றில் ஒன்று. அது மிகுதியா, குறைவா என்பதும் தெரிந்துவிடும். பின் 9ஐயும் 10ஐயும் நிறுத்தால் போலி வெளிப்படும். அவை சமமெனில் போலி 11. இரண்டாம் முறையும் சமமெனில் 12ஐ ஒரு நல்ல காசுடன் நிறுக்க. சாய்ந்தால் 12 போலி. சமமெனில் போலியே இல்லை.

முதல் நிறுவையில் இடத்தட்டு தாழ்ந்தது எனக் கொள்வோம். இப்பொழுது 1, 2, 5 இடத்தில். 3, 6, 9 வலத்தில். மீண்டும் இடம் தாழ்ந்தால் 1ஐயும் 2ஐயும் நிறுக்க. தாழ்ந்தது போலி, சமமெனில் 6. வலம் தாழ்ந்தால் 3ஐ 9உடன் நிறுக்க. 3 தாழ்ந்தால் அதுவே போலி, சமமெனில் 5. சமமாக நின்றால் 7ஐயும் 8ஐயும் நிறுக்க. உயர்ந்தது போலி, சமமெனில் 4. முதலில் வலத்தட்டு தாழ்ந்திருப்பின் மிகுதி, குறைவு என்பவற்றை மாற்றிக்கொள்க.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் இக்கணக்கு கணித ஏடுகளில் பரவியது. 1946இல் பிரீமன் டைசன் இதற்குப் பொதுவழி கண்டார். நான்கு நிறுவைகளில் 39 காசுகள் வரை ஆராயலாம்.

இக்கணக்கை நான் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கழக்கூட்டம் நிலையத்தில் ஒருநாள் மாலை நாகர்கோவிலுக்குச் சீட்டுக் கேட்ட நம்மூர் அம்மையார் ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய்க் காசுகளை என்முன் வைத்தார். "ஐயா, இது செல்லுமா? ஊரில் கடைக்காரர் வாங்கமாட்டேன் என்கிறாரே!" என்றார். கூலியாகப் பெற்ற காசு. நான் எண்ணி வாங்கிக்கொண்டேன். அவர் முகம் தெளிந்ததை இன்னும் மறவேன்.

அக்காசுகளில் குற்றம் ஏது? சிலவற்றில் ரூபாய்க் குறியீடு இருந்தது, சிலவற்றில் இல்லை. அக்குறியீடு பிறந்ததே 2010இல்தான். அதற்கு முன் அடித்த காசில் அது எங்ஙனம் இருக்கும்? பதினான்கு வடிவங்களும் செல்லும் என ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிவித்தது. ஆயினும் ஐயம் எளிதில் அகலவில்லை. எவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. வதந்தி ஒன்றே நல்ல காசைச் செல்லாக் காசாக்கிற்று.

"போலி எது?" என்று கேட்குமுன் "போலி உண்டா?" என்று கேட்பதே முறை. மூன்று முறையும் சமமாக நின்று, "எல்லாம் நல்லவை" என்று சொல்லவல்லது தராசு. பிறர் ஊரில் பிழைக்கவந்த நாம், நம்மை நிறுக்காமல் எவரும் ஐயுறலாகாது என விழைகிறோம். நாமும் பிறரை அவ்வாறே நடத்துவோமாக.

சிறுவர்க்கு ஒரு கணக்கு: ஒன்பது காசுகளுள் ஒன்று எடை குறைந்தது, இது உறுதி. இரண்டே நிறுவையில் அதனைக் காண்க. விடை அடுத்த இதழில்.