பால் குடித்தால் வயிறு பொருமுகிறதா?

சகோதரிகளே, பால்தேத்தண்ணி குடித்துச் சிறிது நேரத்தில் வயிறு இரைவதும், பொருமுவதும், சிலவேளை இளக்கமாகப் போவதும் உங்களில் பலருக்கு உண்டு. "எனக்குப் பால் ஒத்துவராது" என்று பிளேன்ரீக்கு மாறிவிடுகிறீர்கள்; வீட்டில் உள்ள பால்மா பிள்ளைகளுக்கு. மாறுவதில் பிழையில்லை. பாலை விட்ட இடத்தில் வேறொன்றையும் சேர்க்காமல் விடுவதுதான் எங்களுக்குக் கவலை. மாதவிடாய் நின்றபின் எலும்பு தேயும் காலத்தில், வீட்டுச் சுமையைத் தனியே தாங்கும் ஒரு பெண் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யார் பார்ப்பது?

பாலில் லக்ரோஸ் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் நொதியம் குழந்தைப் பருவத்தில் நிறையச் சுரக்கும். வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். செரியாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. உலகில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த நிலைதான். இது தொற்றுவதுமல்ல, பயப்பட வேண்டியதுமல்ல.

காய்ச்சினால் லக்ரோஸ் போகாது. ஆட்டுப்பாலிலும் அது உண்டு. முழு ஆடைப் பால்மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லக்ரோஸ்தான். கரண்டியைக் கூட்டினால் பொருமலும் கூடும். சொதிக்கு விடும் தேங்காய்ப்பாலில் லக்ரோஸ் இல்லை, ஆனால் கல்சியமும் சொல்லும்படி இல்லை.

பாலை முற்றாக விடவும் வேண்டியதில்லை. வெறுவயிற்றில் குடியாமல், புட்டோ இடியப்பமோ சாப்பிட்ட பின் அரைக் கோப்பை குடித்துப் பாருங்கள். பலருக்கு அது தாங்கும். அதைவிட நல்லது தயிர். உறைமோர் விட்டதும் அதிலுள்ள கிருமிகள் லக்ரோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். புளிக்கப் புளிக்க இன்னும் குறையும். 1990, 91இல் தீவுகளை விட்டு வெளிக்கிட்டபோது மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்த குடும்பங்கள் பல. திரும்பியவர்கள் எல்லோராலும் மீண்டும் மாடு கட்ட முடியவில்லை. மாடில்லாதவர்கள் பால்மாவைக் கரைத்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் உறைமோர் விட்டுத் தயிராக்கலாம்.

2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றது நினைவிருக்கும். கடலும் பனையும் சூழ்ந்த எங்களுக்குக் கல்சியம் ரின்னில் மட்டுமா வருகிறது? நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடுங்கள். முள்ளை ஒதுக்கினால் கல்சியத்தில் பெரும்பங்கு கோப்பையோரத்தில்தான். சிறிய சூடையைப் புளிவிட்டு நன்றாக வேகவைத்தால் முள் மெதுமையாகிவிடும். கருவாட்டை முதலில் ஊறவிட்டு உப்பைப் போக்குங்கள், பிரஷர் உள்ளவர்கள் கட்டாயம். திருவிழா நாட்களில் மச்சம் தவிர்க்கும் வீடுகளில் முருங்கையிலை வறை, எள்ளுருண்டை, குரக்கன் புட்டு. 100 கிராம் குரக்கன் மாவில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு; 200 மில்லிலீற்றர் பசுப்பாலில் 240 அளவுதான். ஆனால் குரக்கனில் உள்ளது முழுவதும் உடலில் சேராது. ஆகவே ஒன்றையே நம்பாமல் மாறி மாறிச் சமையுங்கள்.

வயிற்றோட்டம் வந்து மாறிய பிள்ளைக்குச் சில நாட்கள் பால் ஒத்துவராமல் போகலாம், அது தற்காலிகம். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

பாலை இரண்டு கிழமை நிறுத்தியும் வயிறு சரியாகவில்லையா? கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறீர்களா என்று பாருங்கள். பால் குடித்ததும் உடம்பில் தடிப்பு, மூச்சிழுப்பு வந்தால் அது ஒவ்வாமை. துளிப் பாலும் ஆகாது. மலத்தில் இரத்தம், காய்ச்சல், உடல் மெலிவு கண்டால், நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருப்பவர்கள் யாழ்ப்பாணம் போகப் படகு பார்த்திராமல் முதலில் ஊர் வைத்தியசாலையிலேயே காட்டுங்கள்.